மேய்ச்சலை நிறுத்தினால் காடு மீளுமா: இதை எந்த முறையில் ஆராய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறீர்கள். கால்நடை மேய்ச்சலை நிறுத்தினால் சீரழிந்த காடு தானாக மீளுமா என்பது தலைப்பு. பரிசோதனை இல்லாத ஆய்வு அறிவியலே இல்லை என்கிறார் உங்கள் வழிகாட்டி. அங்கே ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் பேசாமல் எதைத் தெரிந்துகொள்ள முடியும் என்கிறார் சக மாணவர். களப்பணிக்குக் கையில் இருப்பது இரண்டு பருவம். இதில் எந்த முறை உசத்தி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: கடைசியில் நீங்கள் "மீள்கிறது" என்று எழுதினால் அதை ஒருவர் ஏன் நம்ப வேண்டும்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். சூழலியல் ஆய்வுகளுக்குக் களத்திட்டமும் புள்ளியியலும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. செடியையும் விலங்கையும் எண்ணும் பக்கத்தில் பழகியவன். நேர்காணல் ஆய்வுகளில் உடன் வேலை செய்திருக்கிறேனே தவிர, அதில் முறையான பயிற்சி கிடையாது. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கால்நடை நுழையாமல் ஒரு துண்டு நிலத்தைச் சுற்றி வேலி போடுகிறீர்கள். வேலி போடுவதற்கு முன் உள்ளே, எண்ணுவதற்காகக் குறித்த ஒரு சதுரத்துக்குச் சராசரியாக 20 மரக்கன்றுகள், இரண்டு வருடம் கழித்து 50 என்று வைத்துக்கொள்வோம். 30 கூடியிருக்கிறது, வேலி வேலை செய்கிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு வருடமும் நல்ல மழை பெய்திருந்தால்? வேலிக்கு வெளியே போய் எண்ணிப் பார்க்கிறீர்கள், அங்கே 40. சரி, வித்தியாசம் 10 தான் என்று தோன்றும். அதுவும் அவசரம், ஏனென்றால் வெளியே ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. அங்கே முதலிலேயே 18 இருந்தது என்றால் வெளியே கூடியது 22, உள்ளே கூடியது 30, ஆக வேலியின் பங்கு 8. அதே நான்கு எண்களில் எதை விட்டுவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை 30, 10, 8 என்று மாறுகிறது. முன்னும் பின்னும், உள்ளேயும் வெளியேயும் என்று நான்கையும் அளக்கும் இந்த அமைப்பு சுற்றுச்சூழல் ஆய்வில் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. வேலி போடுவதற்கு முன் அளவெடுக்கவில்லை என்றால் அதைப் பிற்பாடு எந்தப் புள்ளியியலாலும் ஈடுகட்ட முடியாது. மாணவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் வேலி ஏற்கனவே போட்டாகியிருக்கும். நீங்கள் அதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

அடுத்தது, எத்தனை வேலி. ஒரு பெரிய வேலி போட்டு, உள்ளே 50 சதுரம், வெளியே 50 சதுரம் குறித்து, "மாதிரி எண்ணிக்கை 100" என்று எழுதுவது இந்தத் துறையின் மிகப் பழைய வழுக்கல். அங்கே நடந்தது ஒரே ஒரு வேலிதான். அந்த இடத்து மண் கொஞ்சம் ஈரமாக இருந்தால் 50 சதுரமும் சேர்ந்தே ஈரமாக இருக்கும். சதுரங்களைக் கூட்டக் கூட அந்த ஒரு துண்டு நிலத்தைப் பற்றித் துல்லியமாகத் தெரியுமே ஒழிய, வேலியைப் பற்றி ஒன்றும் கூடுதலாகத் தெரியாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. வெளியான 176 பரிசோதனை ஆய்வுகளை அவர் புரட்டிப் பார்த்தார். புள்ளியியல் சோதனை செய்திருந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி, 48 சதவீதம், இந்தப் போலிப் பெருக்கத்தில் விழுந்திருந்தன. அதனால் ஒரு பெரிய வேலிக்குப் பதில் ஆறு, எட்டு சின்ன வேலிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே சரிவு, அதே மண் உள்ள வேலியில்லாத ஜோடி. இரண்டையும் முதலில் தேர்ந்தெடுத்து அளந்துவிட்டு, எதற்கு வேலி என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். இந்தக் காசு சுண்டும் இடத்தில்தான் தகராறு வரும். "இந்தப் பக்கம்தான் நன்றாக வளரும், இங்கேயே போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். நன்றாக வளரும் என்று முன்பே தெரிந்த இடத்தில் வேலி போட்டால் பிறகு அங்கே நன்றாக வளர்ந்ததற்கு என்ன அர்த்தம்?

உங்கள் வழிகாட்டி சொல்வதில் உண்மை உண்டு. பரிசோதனை காட்டிய அளவுக்கு வேறு எதுவும் காரணத்தைத் தெளிவாகக் காட்டியதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சூழலியலாளர் ராபர்ட் பெயின் பாறைத் துண்டு ஒன்றிலிருந்து ஒரு வகை நட்சத்திர மீனைத் தொடர்ந்து அகற்றிக்கொண்டே இருந்தார். அது தின்னும் சிப்பி பாறை முழுக்கப் பரவி, 15 இனங்கள் இருந்த இடம் 8 இனமாகச் சுருங்கியதை 1966இல் எழுதினார். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த ஒரு இனத்தின் எடை தெரிந்திருக்காது, எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது. ஆனால் கடலோரப் பாறையில் உயிர்கள் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும், சீக்கிரம் வளரும், கையால் பெயர்க்கலாம். காட்டு மரம் அப்படி இல்லை. பெரிய அளவில் செய்ததற்கு ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக்காடு நல்ல உதாரணம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்களை 1965இல் முழுக்க வெட்டி, மறுபடி முளைக்காமல் களைக்கொல்லி தெளித்து, ஓடையில் என்ன வருகிறது என்று அளந்தார்கள். நைட்ரேட் பல மடங்கு எகிறியது. வெட்டியது ஒரே ஒரு பள்ளத்தாக்கு, ஹர்ல்பர்ட் கணக்கில் மாதிரி ஒன்று. இருந்தும் அந்த முடிவைப் பரவலாக ஏற்றுக்கொண்டார்கள். வெட்டுவதற்கு முன்பே ஓடையின் அளவுகள் பதிவாகியிருந்தன, ஒப்பிட வெட்டாத பள்ளத்தாக்கு இருந்தது, மாற்றமோ தவறிப்போய்க்கூட மழையின் தலையில் கட்ட முடியாத அளவு பெரியது. உங்கள் கன்றுகள் இரண்டு பருவத்தில் அப்படி ஒரு மாற்றத்தைக் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பரிசோதனை செய்ய முடியாத கேள்விகளும் இந்தத் துறையில் ஏராளம். ஒரு நாட்டின் வனக் காப்பகங்கள் காடழிப்பைத் தடுத்தனவா என்றால் காசு சுண்டிக் காப்பகம் அமைக்க முடியாது. ஏற்கனவே உள்ளவற்றைத்தான் பார்க்க வேண்டும். அங்கே வரும் சிக்கல் என்னவென்றால், காப்பகங்கள் பெரும்பாலும் யாரும் வெட்டப் போகாத இடத்திலேயே அமைகின்றன. ஜோப்பா, ஃபாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009இல் 147 நாடுகளைப் பார்த்தபோது இவை பொதுவாக உயரத்தில், செங்குத்துச் சரிவில், சாலைக்கும் நகரத்துக்கும் தொலைவில் இருப்பதாகத் தெரிந்தது. உள்ளே காடு நிற்பதற்குக் காப்பகம் காரணமா, சரிவு காரணமா? கோஸ்டாரிகாவில் இதைப் பிரித்துப் பார்த்தவர்கள், காப்பகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் அதே சரிவு, அதே மண், அதே தொலைவு உள்ள துண்டை வெளியே தேடி ஜோடி சேர்த்தார்கள். காப்பாற்றப்பட்ட காட்டில் சுமார் 10 சதவீதம்தான் காப்பகம் இல்லாவிட்டால் அழிந்திருக்கும் என்று வந்தது. சாதாரணமாக உள்ளே வெளியே ஒப்பிட்டால் பலன் 65 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தெரியும் என்று 2008இல் வெளியிட்டார்கள். இந்த ஜோடி சேர்க்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு: நீங்கள் அளந்த குணங்களில்தான் அது ஜோடி சேர்க்கும். அளக்காத ஒன்று, உதாரணமாக அந்த நிலத்தின் மேல் யாருக்கு வழக்கமான உரிமை இருந்தது என்பது, அப்படியே உள்ளே ஒளிந்திருக்கும். கொள்கை விஷயத்தில் பரிசோதனையே முடியாது என்றும் இல்லை. உகாண்டாவில் 121 கிராமங்களில் குலுக்கல் முறையில் 60 கிராமங்களைத் தேர்ந்து, மரம் வெட்டாமல் இருக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கிராமங்களில் மரப்பரப்பு 4.2 சதவீதம் குறைந்தது, மற்ற கிராமங்களில் 9.1 சதவீதம். 2017இல் வெளியான ஆய்வு அது.

இப்போது எல்லோரும் அலட்சியமாகக் கடந்துபோகும் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணுவது. வேலி போட்டதும் உள்ளே முதலில் வளர்வது மரம் இல்லை, புல். இடுப்பளவு புல்லுக்குள் ஒரு சாண் கன்று கண்ணில் படாது. வெளியே மேய்ந்து கட்டாந்தரையாக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் தெரியும். ஆக, வேலி நன்றாக வேலை செய்யச் செய்ய உங்கள் எண்ணிக்கை உள்ளே குறைவாக விழும். இதைச் சரிசெய்யச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரே சதுரத்தை இரண்டு பேர், ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்காமல், கட்டம் போட்ட தாளில் கன்று இருக்கும் இடத்தைக் குறித்து எண்ணட்டும். முதலாமவர் 40 கண்டார், இரண்டாமவர் 30, இருவரும் பொதுவாகக் கண்டவை 24 என்றால், 40ஐ 30ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் 50. உண்மையில் அங்கே சுமார் 50 இருக்கின்றன, முதலாமவர் ஐந்தில் ஒன்றைத் தவறவிடுகிறார். மீனுக்கும் வாத்துக்கும் அடையாளம் கட்டி விட்டு மறுபடி பிடித்து எண்ணும் பழைய முறையின் அதே கணக்கு இது. இதிலும் ஒரு ஓட்டை: மிகச் சின்னக் கன்று இருவர் கண்ணுக்குமே தப்பும் என்பதால் 50 என்பதும் குறைவாகவே இருக்கலாம். உயர வாரியாகப் பிரித்துக் கணக்கிட்டால் அது ஓரளவு சரியாகும்.

எண்ணும் முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் புலிக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் பாதச்சுவடுகளை வைத்து எண்ணியபோது 2001-02இல் 3,642 புலிகள் என்று வந்தது. பிறகு தானியங்கிக் கேமராக்களும் புள்ளியியல் மதிப்பீடும் வந்து 2006ஆம் ஆண்டுக்கான எண் 1,411 என்றார்கள், அதுவும் 1,165 முதல் 1,657 வரை என்ற இடைவெளியோடு. உடனே "நாலு வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் புலிகள் போய்விட்டன" என்று கழித்தல் போட்டவர்கள் பலர். இரண்டு வேறு அளவுகோல்களின் எண்களைக் கழித்து வருவதற்குப் பொருளே இல்லை. புலிகள் குறைந்திருக்கலாம், ராஜஸ்தானின் சரிஸ்கா புலிக் காப்பகத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது, ஆனால் நாடு முழுக்க எவ்வளவு குறைந்தது என்பதை அந்தக் கழித்தல் சொல்லாது. கிட்டத்தட்ட இதே வகைச் சறுக்கல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் நடந்தது. 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு மான்கள் அடங்கி ஆஸ்பென் மரங்கள் மீண்டன என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த மரங்களை அளந்த ஆய்வுகள் சிலவற்றில் ஒவ்வொரு தோப்பிலும் மிக உயரமான ஐந்து இளமரங்களை மட்டும் அளந்திருந்தார்கள். குலுக்கல் முறையில் அளந்த மரங்களோடு 2022இல் ஒப்பிட்டபோது, உயரமானவற்றை மட்டும் அளப்பது மீட்சியை நான்கு முதல் ஏழு மடங்கு வரை கூட்டிக் காட்டியது தெரிந்தது. மீட்சியே இல்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் நல்லதாகப் பொறுக்கி அளந்தால் நல்லதாகத்தான் தெரியும். உங்கள் களத்திலும் கண் தானாகச் செழிப்பான கன்றை நோக்கித்தான் போகும். சதுரத்தை எங்கே வைப்பது என்பதை வீட்டிலேயே குலுக்கல் எண்களால் முடிவு செய்துகொண்டு போங்கள்.

சரி, உங்கள் சக மாணவர் பக்கம். மக்களிடம் கேட்பது இரண்டாம் தரம் என்று நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நடந்த காட் (cod) மீன் விவகாரம். பெரிய இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கின்றன என்பதை மீன்வளத்துக்கான அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள். கருவிகள் நவீனமாக ஆக, மீன் கூட்டம் எங்கே இருந்தாலும் கப்பல் தேடிப் போய்ப் பிடித்துவிடும், அந்த எண் விழாது. கரையோரத்தில் சிறு படகில் போனவர்கள் மீன் குறைகிறது, சிறுத்துப்போகிறது என்று 1980களிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது, சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அதேசமயம் மக்கள் நினைவையும் அப்படியே அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த நிலையையே இயல்பு என்று வைத்துக்கொள்கிறது என்பதை மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995இல் எடுத்துச் சொன்னார். கலிபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்களிடம் கேட்டபோது, அருகிப்போன இனங்கள் என்று முதியவர்கள் சொன்ன பட்டியல் இளையவர்களுடையதைப் போல் ஐந்து மடங்கு. அதனால் யாரிடம் கேட்டீர்கள், அவருக்கு என்ன வயது, எந்த வருடத்திலிருந்து அங்கே மேய்க்கிறார் என்பதெல்லாம் தரவின் பகுதி.

தடை செய்யப்பட்ட இடத்தில் மேய்க்கிறீர்களா என்று நேராகக் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. அதற்கும் வழி இருக்கிறது, 1965இல் வார்னர் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த யோசனையிலிருந்து கிளைத்தது. பதில் சொல்பவர் கையில் ஒரு தாயக்கட்டையைக் கொடுங்கள், ஆறு பக்கம் உள்ளது. உங்களுக்குத் தெரியாமல் உருட்டட்டும். 1 விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆமாம்", 6 விழுந்தால் "இல்லை", மற்ற எண்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆமாம் என்றால் அது கட்டை சொல்லவைத்ததா, அவரே சொன்னதா என்று உங்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் 300 பேரில் 110 ஆமாம் வந்தால், சுமார் 50 கட்டையால் வந்தவை, மீதி 60 உண்மை சொல்ல வேண்டிய 200 பேரிடமிருந்து வந்தவை, ஆக 30 சதவீதம். தனி மனிதர் பாதுகாப்பாக இருக்கிறார், மொத்தக் கணக்கு கிடைக்கிறது. இதற்கு நிறையப் பேர் வேண்டும் என்பதும், 1 விழுந்தும் பயத்தில் "இல்லை" என்பவர்கள் இருப்பார்கள் என்பதும் தெரிந்த குறைகள். முப்பது பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

ஆனால் மேய்ப்பவர்களிடம் நீங்கள் பேச வேண்டியதற்கு இதைவிட முக்கியமான காரணம் உங்கள் பரிசோதனையிலேயே இருக்கிறது. வேலி போட்டதும் உள்ளே மேய்ந்த மாடுகள் எங்கே போகும்? பெரும்பாலும் பக்கத்தில், அதாவது நீங்கள் ஒப்பிடுவதற்கு என்று வைத்திருக்கும் திறந்த இடத்துக்கு. அங்கே மேய்ச்சல் முன்பைவிடக் கூடும், கன்றுகள் கூடுதலாக அழியும், உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அதில் ஒரு பங்கு மீட்சி, ஒரு பங்கு வெறும் இடமாற்றம். சின்ன வேலிகளில் இது குறைவாக இருக்கும், பெரிய பரப்பை அடைத்தால் கணிசமாக இருக்கும். எந்த மந்தை எந்த மாதத்தில் எங்கே நகர்ந்தது என்பது ஜிபிஎஸ் பட்டை கட்டினால் ஓரளவு தெரியும், மேய்ப்பவரைக் கேட்டால் ஏன் நகர்ந்தது என்பதும் தெரியும். பொதுச் சொத்தைப் பயன்படுத்துபவர்கள் தங்களுக்குள் விதி வகுத்து நடத்துவதுண்டு என்று உலகெங்கும் இருந்து உதாரணம் காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம், அதற்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்றார். உங்கள் "வேலியில்லாத" இடத்தில் அப்படி ஒரு ஊர்க்கட்டுப்பாடு ஏற்கனவே இருந்து, சில மாதம் அங்கே யாரும் மேய்ப்பதில்லை என்றால், நீங்கள் மேய்ச்சலையும் மேய்ச்சலின்மையையும் ஒப்பிடவே இல்லை.

இரண்டு பருவத்தில் எதை உறுதியாகச் சொல்லலாம் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கன்று பிழைப்பது, அது கடிபடுவது, புல்லின் உயரம், மண் இறுகியிருக்கும் அளவு, இவற்றைப் பற்றி நம்பிக்கையோடு எழுதலாம். "காடு மீள்கிறது" என்று எழுத முடியாது. அதற்குப் பத்தாண்டுகள் வேண்டும். சிலர் இந்தக் குறையை நிரப்ப, வேறு வேறு வருடங்களில் போடப்பட்ட பழைய வேலிகளைத் தேடிப் பிடித்து 5 வருடம், 10 வருடம், 20 வருடம் என்று வரிசைப்படுத்துவார்கள். பயனுள்ள குறுக்குவழி, ஆனால் எல்லா இடமும் ஒரே நிலையிலிருந்து தொடங்கின என்ற அனுமானத்தில் நிற்பது. இருபது வருடம் முன்பு வேலி போட்டவர் நல்ல மண்ணைப் பார்த்துப் போட்டிருக்கலாம் அல்லவா? ஜெர்மனியில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 76 சதவீதம் குறைந்தது என்ற 2017ஆம் ஆண்டு ஆய்விலும் இதன் சாயல் உண்டு: 63 இடங்களில் 37ல் ஒரே ஒரு வருடம்தான் பொறி வைத்திருந்தார்கள். வீழ்ச்சி உண்மைதான் என்றே நான் நினைக்கிறேன், 76 என்ற எண்ணின் மீதுதான் அவ்வளவு பாரம் ஏற்ற மாட்டேன். செயற்கைக்கோள் படங்களைப் பற்றி ஒரு வரி: அவை பச்சையைத்தான் பார்க்கும், களைச்செடிப் புதரும் பச்சைதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதல் மாதம் எதையும் அளக்காமல் மேய்ப்பவர்களோடு நடப்பேன், மந்தைகள் போகும் தடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்வேன். பிறகு ஜோடி இடங்கள், முன் அளவு, காசு சுண்டல், வேலி. ஒவ்வொரு கன்றுக்கும் எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டுவேன், ஏனென்றால் எத்தனை கன்று என்பதைவிட எந்தக் கன்று பிழைத்தது என்பது இரண்டு பருவத்தில் நன்றாக விடை தரும் கேள்வி. தகடு கட்டுவது இருவரும் எண்ணி முடித்த பிறகுதான், இல்லாவிட்டால் இரண்டாமவர் தகட்டைப் பார்த்துக் கன்றைக் கண்டுபிடிப்பார். களத்துக்குப் போகும் முன் கற்பனை எண்களைப் போட்டு முழுத் தரவுத்தாளையும் நிரப்பி, அதை வைத்து ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கடைசிப் பகுப்பாய்வு வரை ஓட்டிப் பார்ப்பேன். ஆறு ஜோடியில் நீங்கள் பொருட்படுத்தும் அளவு வித்தியாசம் பிடிபடவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டால், சதுரங்களைக் குறைத்து ஜோடிகளைக் கூட்டலாம். பணம் போதாது என்றால் வேலியின் நீள அகலத்தைக் குறையுங்கள், வேலிகளின் எண்ணிக்கையில் கைவைக்க வேண்டாம். பத்து மீட்டர் பக்கமுள்ள வேலி கன்றுகளை எண்ணப் போதும், ஓரத்து ஒரு மீட்டரை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கம்பி எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை, அங்கே ஆடும் வருகிறது என்றால், மேய்ப்பவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.